சீனி போடாத தேநீர்

கன்னையாவைப் பொய்யன் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை நானே ஒத்துக்கொண்டு தொடங்குவதுதான் மரியாதை.

என் பெயர் கார்த்திகேசு. கோலாலம்பூரில், ரயில்வேக்காரர்கள் வந்துபோகும் ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண் கழுவுவது, ஊசி போடுவது, மூத்திரம் சோதிப்பது, வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வது, நோயாளி தமிழில் அழுவதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்வது எல்லாம் என் வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கிலீஷ் படித்து, உத்தியோகத்துக்கென்றே கப்பலேறி வந்தவன். எங்கள் ஆட்களுக்கு அந்த நாளில் ஒரு தலைக்கனம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதல் என்று என் மனைவி மீனலோசனி சொல்வாள். அவள் சொல்வது சரி என்று தெரிய எனக்கு ஒரு கன்னையா வேண்டியிருந்தது.

இது நடந்தது முப்பத்து மூன்றாம் வருஷம். கன்னையா பிரிக்பீல்ட்ஸ் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் நெம்புகோலை இழுத்து, வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதைக்குத் திருப்பிவிடுகிற வேலை. திருப்பிவிட்டுக் கையைத் தூக்கி "லைன் சரி" என்பான். டிரைவர் எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுப்பான். இருபது வருஷத்தில் ஒரு வண்டியும் தடம் புரண்டதில்லை. அவன் சொத்து அவ்வளவுதான்: அவன் வாயிலிருந்து வருகிற அந்த இரண்டு வார்த்தை.

நாற்பத்து நாலு வயதில் அவனுக்குத் தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். உடம்பு வற்றிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்கு வந்தான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினேன். சர்க்கரை இல்லாதவனுக்கு நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேலே மஞ்சள், முற்றிவிட்டால் செங்கல் நிறம். கன்னையாவுக்கு முதல் நாளே செங்கல்.

"பிரிக்பீல்ட்ஸ்காரனுக்கு ஏத்த நிறந்தான்," என்று பகிடி விட்டேன். அவனும் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

டாக்டர் சொன்னதை நான் வரிசையாகச் சொன்னேன். சீனி கூடாது, வெல்லம் கூடாது, வாழைப்பழம் கூடாது, பலகாரம் கூடாது, சோறு பாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தேத்தண்ணி குடிக்கலாங்களா, டிரஸ்ஸரய்யா?"

டாக்டரைக் கேட்டேன். "தேநீரால் ஒரு கெடுதியும் இல்லை. சீனி போடாமல் குடிக்கட்டும்," என்றார். அதில் பிழை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

கன்னையா அன்றைக்கே சீனியை விட்டான். மூன்று கரண்டி போட்டுக் குடித்தவன் ஒரே நாளில் விட்டான். தேநீரின் துவர்ப்பு உடம்பிலுள்ள சர்க்கரையை முறிக்கும் என்று யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள். ஆகவே ஒரு நாளைக்கு எட்டுக் குவளை, நல்ல கடுஞ்சாயமாக. தாகமும் சேர்ந்துகொண்டது. குடிக்கக் குடிக்கத் தாகம், தாகத்துக்கு மறுபடியும் குடி.

அவன் மனைவி பவுனம்மாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அதனால்தான் இதை எழுதவே துணிகிறேன். கன்னையாவின் கால் விரலைத் தண்டவாளச் சரளைக்கல் ஒன்று வெட்டி, காயம் அவனுக்கே தெரியாமல் இரண்டு நாள் பூட்சுக்குள் கிடந்து புண்ணானபோது, நான் தினமும் மாலையில் லயன் என்கிற ரயில்வே வரிசை வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடத் தொடங்கினேன். முதல் நாள் அவள், "தண்ணி கலக்கட்டுங்களா?" என்று கேட்டாள். தேநீரைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். வேண்டாம் என்றேன். அவர்கள் வீட்டில் கை நனைப்பதா என்ற எண்ணந்தான், வேறென்ன? மூன்றாம் நாள் அந்த வாசனை என்னை வென்றுவிட்டது. நாலாம் நாளிலிருந்து அவள் கேட்கவில்லை, நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"உங்களுக்கு மட்டும் சீனி போட்டிருக்கேன். அவருக்குப் போடல," என்று ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் குவளையை நீட்டுவாள். என் குவளை தேனாக இருக்கும். எனக்குப் போட்ட சீனி என்று நினைத்துக்கொண்டு குடிப்பேன். அவள் கலக்குவதை நான் பார்த்ததில்லை. அடுப்படி உள்ளே, நான் வெளியே அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

இரண்டு மாதம் ஆனது. கண்ணாடிக் குழாய் செங்கல்லிலிருந்து அசையவில்லை. டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். புண் கறுத்தது. ஆகஸ்டில் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அவன் வீட்டுக்குத் திரும்பி வந்த வாரம் நான் சோதித்துப் பார்த்தேன். செங்கல். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் உழைப்பெல்லாம் வீண் என்ற கோபம், டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்த கோபம். லயனுக்குப் போனேன். அவன் பைப்படியில் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தையும் நான் யோசிக்கவில்லை.

"உண்மையைச் சொல்லும், கன்னையா. எங்கை வாங்கித் தின்னுறீர்?"

"நான் ஒண்ணும் தின்னலீங்களே, அய்யா."

"சீனி தொடேல்லை எண்டு நீர் சொல்லுறீர். சோதனை வேறை சொல்லுது. மருந்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்லத் தெரிஞ்சது மனுசனுக்குத்தான்."

பைப்படியில் பேச்சு நின்றுவிட்டது. கன்னையா எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அதற்குள் பவுனம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"யாரைப் பாத்துப் பொய்யன்னு சொல்றீங்க? இருபது வருஷமா அவர் 'லைன் சரி'ன்னா ரயிலே நம்பிப் போவுது. உங்களுக்கு என்ன வந்துச்சு? படிச்சிட்டா எதையும் பேசலாமா? அவர் தின்னா எனக்குத் தெரியாதா? இந்த வீட்ல சீனி டப்பா கழுவிக் கவுத்தி மூணு மாசம் ஆச்சு. உங்களுக்குப் போடறதுகூடப் பக்கத்து வீட்ல வாங்கித்தான் போடறேன்!"

இன்னும் என்னென்னவோ சொன்னாள். எல்லாவற்றையும் எழுத எனக்கு மனமில்லை. அத்தனை பேருக்கு முன்னால் ஒரு லயன்காரி என்னைத் திட்டினாள் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் பட்டது. "மனுசி கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் நான் என்ன செய்ய?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு நடந்தேன்.

வாய் விட்ட வார்த்தை ஊர் சுற்றும். பக்கிரிசாமி என்ற கூட்டாளி, "என்னலா கன்னையா, பையில லட்டா?" என்று தடவிப் பார்த்துச் சிரிப்பானாம். அது விளையாட்டு. கன்னையா நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பியபோது நடந்தது விளையாட்டில்லை. அவன் பாயிண்டைத் திருப்பிக் கையைத் தூக்கியதும், யார்டு மேஸ்திரி இன்னொரு ஆளை அனுப்பி, உண்மையாகவே திருப்பியிருக்கிறானா என்று பார்த்துவரச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. பக்கிரிசாமிதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், தின்றவன் அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபரில் புண் பாதத்துக்கு ஏறியது. வார்டில் சேர்த்துக்கொண்டோம். இரண்டு வாரத்துக்குள் சர்க்கரை இறங்கிப் புண் ஆறத் தொடங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். கன்னையா கட்டுப் போட்ட காலைத் தடவினான். பிறகு, "ஒத்தைக் காலோட பாயிண்ட் இழுக்க முடியாதுங்களே," என்றான். வேலை போனால் லயன் வீடும் போய்விடும். அதை அவன் வாயால் சொல்லவில்லை.

வார்டில் நோயாளிக்கு வெளிச்சாப்பாடு கூடாது. பவுனம்மாள் மட்டும் காலையும் மாலையும் ஒரு பெரிய கூஜாவில் தேநீர் கொண்டுவந்தாள். டாக்டர் கேட்டபோது, "சீனி போடாத தேநீர்தான்," என்று சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தவன் நான். என்னோடு அவள் பேசுவதில்லை. அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வார்டிலும் செங்கல்தான். என் கண்ணுக்கு முன்னாலேயே படுத்திருக்கிறவன் எப்படித் தின்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தைக்கு அடியில் பார்த்தேன். ஒருநாள் அவன் சட்டைப்பையில் கைவிட்டேன். அவன் தடுக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

இரண்டாம் வாரம் கிள்ளானில் பவுனம்மாளின் தங்கைக்குப் பிரசவம். ஆள் துணை இல்லை. அவள் அழுதுகொண்டே வியாழக்கிழமை ரயிலேறினாள். வெள்ளி மாலை கண்ணாடிக் குழாய் மஞ்சள் காட்டியது. சனியும் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை பச்சை. திங்கட்கிழமை காலையில் பச்சையிலும் நீலம் எட்டிப் பார்த்தது. டாக்டர் என் முதுகில் தட்டினார். வெட்டுகிறதை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தின்பவன் அவன், கொண்டுவந்து கொடுப்பவள் அவள். புருஷன் கெஞ்சியிருப்பான், பெண்சாதி மனமிரங்கிக் கூஜாவுக்கு அடியில் பலகாரத்தை ஒளித்துக்கொண்டு வந்திருப்பாள். பைப்படியில் என்னை அவ்வளவு பேச்சுப் பேசினவள்! திங்கட்கிழமை மத்தியானம் அவள் கிள்ளானிலிருந்து திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும் லயனுக்குப் போனேன். அன்றைக்கு நான் நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற சந்தோஷம் அதில் இருந்தது.

அவள் அடுப்படியில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. முதன்முறையாக உள்ளே போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சாயத்தைக் கூஜாவில் வடிகட்டினாள். பிறகு மாடத்திலிருந்து டின் பாலை எடுத்தாள். இரண்டு ஓட்டை போட்ட டின். கூஜாவுக்கு மேலே அதைக் கவிழ்த்துப் பிடித்தாள். பால் நூலாக இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி டின் போயிருக்கும்.

"இவ்வளவா விடுறனீர்?" என்று கேட்டேன்.

"பாவம், சீனிதான் கூடாதுன்னுட்டீங்க," என்றாள். நாலு நாள் பிரசவ வீட்டுக் களைப்பில் கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது போலிருக்கிறது. "பாலாவது தாராளமா குடிக்கட்டும். முன்னைக்கு இப்ப ரெண்டு மடங்கு விடறேன். இல்லன்னா அந்தக் கசப்பை மனுசன் எப்படிய்யா குடிப்பாரு?"

டின்னைக் கையில் வாங்கினேன். நான் தினமும் எந்தக் கடையிலும் அடுக்கிவைத்திருக்கப் பார்க்கிற டின். சீனிப் பால் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், பசும்பாலும் கரும்புச் சீனியும் என்று இருந்தது. பிறகு டாக்டரைக் கேட்டபோது, பாதிக்குச் சற்றுக் குறைய சீனிதான் என்றார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாட்டுப்பால்தான் வாங்குகிறோம் என்பதெல்லாம் ஒரு சாக்கா? இரண்டு மாதத்துக்கு மேல் அந்தத் தேநீரை வாங்கிக் குடித்தவன் நான். இனிப்பு என் நாக்கிலேயே இருந்தது.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. "கூஜாவைக் கொண்டு ஆறுதலா, மெல்ல வாரும், நான் முன்னுக்குப் போறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓட்டம்தான், நடையில்லை.

கன்னையாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்படி நான் எந்த நோயாளியின் கட்டிலிலும் உட்கார்ந்ததில்லை. நடந்ததைச் சொன்னேன். என்னை மன்னிக்கச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினவன் சிரிக்கிற சிரிப்பு.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்லை, கன்னையா. நீர் ஒரு பொய்யும் சொல்லேல்லை. நாளைக்கு நானே யார்டுக்கு வந்து மேஸ்திரிக்குச் சொல்லுறன். பைப்படியிலை எல்லாருக்கும் சொல்லுறன்."

அவன் கண் நிறைந்துவிட்டது. போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்தான். விரல் இல்லாத இடத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது.

"அவளுக்குத் தெரியுமாய்யா?"

"இன்னும் சொல்லேல்லை."

"சொல்லாதீங்க."

எனக்குப் புரியவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டு விரலையும் தன் கையாலதான் வெட்டிப்போட்டோம்னு நினைப்பா. அவ அப்படித்தான். எங்க முதல் புள்ள காய்ச்சல்ல போனப்ப, தான் குளிப்பாட்டினதாலதான்னு ரெண்டு வருஷம் சரியா சோறு திங்கல. இதைக் கேட்டா அவ எந்திரிக்கவே மாட்டாய்யா."

"அப்ப உம்மடை பேர்?"

அவன் போர்வையைக் காலுக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டான். அவன் கால் தப்பியது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. டிசம்பரில் புண் மூடியது. இன்றைக்கும் அதே காலோடுதான் யார்டில் நிற்கிறான். அவன் கையைத் தூக்கிய பிறகு இன்னொருவன் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் இன்றைக்கு வரை நிற்கவில்லை.

பவுனம்மாள் கூஜாவோடு வார்டுக்குள் வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"டாக்டர் புதுசாச் சொல்லிப்போட்டார். இனிமேல் பாலும் கூடாது. வெறும் சாயந்தான்."

அவள் கூஜாவை இறக்கிவைக்காமல் என்னைப் பார்த்தாள். "பால்ல என்னங்கய்யா இருக்கு?"

நான் கூஜாவை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நான் இல்லாத நாலு நாளும் சுகமாயிருந்தார்னு வாசல்ல நர்சம்மா சொன்னாங்க. நாலு நாளும் என் தேத்தண்ணி குடிக்கல." அவள் கூஜாவைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போவதைக் கண்டேன். "அப்ப இதாலதான் ஆச்சா? நான் கலக்கினதாலதான்…"

"பவுனு," என்றான் கன்னையா. "நான்தான் தின்னேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"டிரஸ்ஸரய்யா சொன்னது நெசந்தான். ஆரம்பத்திலிருந்தே தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். வேலைக்குப் போற வழியில லட்டு வாங்கித் தின்னேன். இங்கயும் ஒருத்தன் மூலமா வாங்கித் தின்னேன். இந்த நாலு நாளா அவன் வரல. அதான் சுகமாச்சு. உன் தேத்தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பொய்," என்றாள் அவள். "நீங்க தின்ன மாட்டீங்க. எந்தக் கடை? சொல்லுங்க, எந்தக் கடையில வாங்கினீங்க?"

கன்னையா வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பழக்கமில்லாதவனுக்கு முதல் பொய் எப்படியோ வந்துவிட்டது, இரண்டாவது வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் நான் சொன்னேன்.

"ஸ்டேசனுக்கு எதிர்க்கடை. நான் கண்டனான், பவுனம்மா. என்ரை கண்ணாலை கண்டனான்."

அவள் கூஜாவைத் தரையில் வைத்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பார்வையை அவன் கேட்டு வாங்கினான், நான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குப் பைப்படியில உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், அய்யா. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கண்ண மூடிக்கிட்டு நம்பிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். கன்னையா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லை, பவுனம்மா," என்று சொல்லி, அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.